அறுவைக்கு முன்பே இருந்த நோய்கள்

இரைப்பையில் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், "நாளைக்கே அறுவை சிகிச்சை செய்துவிட முடியுமா?" என்பதுதான். மருத்துவரோ கட்டியைப் பற்றிப் பேசாமல், நீரிழிவு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததுண்டா என்று விசாரிக்கத் தொடங்குவார். வந்த நோயை விட்டுவிட்டு இருந்த நோய்களைத் துருவுகிறாரே என்று உறவினர்கள் பொறுமை இழப்பதுண்டு. ஆனால், அறுவைக்குப் பிந்தைய நாட்கள் எப்படிக் கழியும் என்பதில் அந்தப் பழைய நோய்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1881 ஜனவரியில் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றி, நோயாளியைப் பிழைக்க வைத்தார். இவ்வகை அறுவையில் கிடைத்த முதல் வெற்றி அது. அன்றைய பெரும் ஐயம், தையல் தாங்குமா என்பது. தைக்கும் முறை வெகுவாகத் தேர்ந்துவிட்ட இன்று, தைக்கப்படும் உடல் தாங்குமா என்பதே முதன்மையான கேள்வி.

இரைப்பையை அகற்றியபின், எஞ்சிய பகுதியையோ உணவுக்குழாயையோ சிறுகுடலுடன் இணைக்கிறார்கள். அந்த இணைப்பு கூடுவதற்கு நல்ல இரத்த ஓட்டமும் போதிய புரதமும் வேண்டும். நெடுநாள் நீரிழிவு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மந்தமாகின்றன. புண் சீழ் பிடிப்பதற்கும், இணைப்பு விட்டுக் கசிவதற்கும் வழி பிறக்கிறது. கசிவுதான் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது. வயிற்றுக்குள் பரவும் அந்தத் தொற்று உயிரையே பறிக்கக்கூடும்.

அடுத்தது நுரையீரல். மேல்வயிற்றில் கீறல் விழுவதால் ஆழமாக மூச்சிழுக்கவும் இருமவும் வலிக்கும். சளி தேங்கி நிமோனியாவாக மாறும். புகைபிடிப்பவருக்கும் நாட்பட்ட மூச்சடைப்பு உள்ளவருக்கும் இந்த அபாயம் அதிகம். நாட்டில் இரைப்பைப் புற்று மிகுதியாகக் காணப்படும் மிசோரத்தில் புகையிலைப் பழக்கமும் பரவலாக உள்ளது. புற்றுக்கு வழிவகுக்கும் அதே புகைதான் சிகிச்சையின்போது நுரையீரலையும் காலை வாரிவிடுகிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் பழைய குறைகளும் இவ்வாறே அறுவையின் சுமையில் வெளிப்படும்.

இவற்றை எடைபோட அளவுகோல்கள் உண்டு. அமெரிக்க மருத்துவர் மேரி சார்ல்சனும் குழுவினரும் 1987-இல் வெளியிட்ட அட்டவணை, உடனிருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மதிப்பெண் தருகிறது. நீரிழிவுக்கு 1, அது உறுப்புகளைப் பாதித்திருந்தால் 2, கல்லீரல் நோய் முற்றியிருந்தால் 3. வயது மட்டுமே பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடமாட்டமுள்ள எழுபது வயதுக்காரர், மூன்று நோய்களைச் சுமக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரரைவிட எளிதாக மீண்டெழக்கூடும்.

ஆகவே ஆயத்தத்துக்காகச் சில வாரங்கள் காத்திருப்பது அலட்சியம் ஆகாது. பலருக்கு அறுவைக்கு முன்பே சுமார் இரண்டு மாதம் புற்றுநோய் மருந்து செலுத்தப்படுகிறது. அந்தக் காலத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். எச்பிஏ1சி பரிசோதனை செய்து சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது, கட்டியிலிருந்து கசிந்த இரத்தத்தால் வந்த சோகையைச் சரிசெய்வது, இழந்த எடையைப் புரத உணவால் ஓரளவு மீட்பது, மூன்று பந்துகள் எழும்பும் சிறு கருவியை ஊதாமல் உள்ளிழுத்து மூச்சுப் பயிற்சி செய்வது எல்லாம் வீட்டிலேயே தொடங்கக்கூடியவை. புகைப்பழக்கத்தைக் குறைந்தது நான்கு வாரம் முன்னதாக நிறுத்த வேண்டும். சிக்கல் நேர்ந்தால், அறுவைக்குப் பின் தொடர வேண்டிய மருந்துச் சிகிச்சையும் தள்ளிப்போகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் நீரிழிவை மறைத்தவர், இழப்பீடு மறுக்கப்படுமோ என்றஞ்சி மருத்துவமனையிலும் மறைக்கிறார். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024-இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. தொடக்கத்திலேயே உண்மையை எழுதுவதே இலாபம். மறைப்பதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகளை அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே மருத்துவர் நிறுத்தச் சொல்வார். தொடர்ந்து உட்கொண்டால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்துவிடக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. அவற்றைத் தாமாக நிறுத்துவதும் கேடு. நாட்டு மருந்து உட்பட, உட்கொள்ளும் எல்லாவற்றையும் அட்டையோடும் புட்டியோடும் ஒரு பையில் போட்டு, மயக்கவியல் மருத்துவரின் மேசைமேல் வைத்துவிடுங்கள். பெயர்களை அவர் படித்துக்கொள்வார்.