அட்டமூர்த்தக் கொள்கையும் நிலநீரும்

உலகை வெறுத்தலே இந்து சமயத்தின் போதனையாதலின், உலகைப் பேணும் ஒழுக்கத்துக்கு அதன்கண் இடமில்லை எனக் கூறுவாருளர். சைவசித்தாந்தத்துக்கு இக்கூற்றுப் பொருந்தாது. பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் உள்பொருள்கள் என்பது அதன் துணிபு. பாசத்துள் ஒன்றாகிய மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றை இறைவன் உயிர்களின் பொருட்டே தோற்றுவிக்கின்றான். எனவே மண்ணும் நீரும் பொய்த்தோற்றமல்ல; உயிர் தன் உடைமையென உரிமை பாராட்டத்தக்கனவுமல்ல. அவற்றை அளித்தவன் அளித்தபின் அகன்று நிற்பவனுமல்லன். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டினும் நிறைந்து நிற்றலின் அட்டமூர்த்தி எனப்படுகின்றான். அப்பர் சுவாமிகளின் நின்ற திருத்தாண்டகம் இதனை விரித்தோதுவது. திருவானைக்காவில் அவன் அப்புலிங்கமாக வழிபடப்படுகின்றான்.

இக்கொள்கை வாழ்க்கையில் எவ்வளவு இறங்கியுள்ளது என்பதைக் கரவெட்டி போன்ற ஊரில் வைத்து நோக்குதல் தகும். வடமராட்சியிலுள்ள இவ்வூர்க்கும், குடாநாட்டின் ஏனைய ஊர்களுக்குப் போல, வற்றாத ஆறு யாதுமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மண்ணூடும் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடும் இறங்கி, நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கிணறுகளில் ஊறுவது அதுவே. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் உடலின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

தெருவோரத்தே சுமைதாங்கியும், கால்நடை உடல் உரோஞ்சுதற்கு ஆவுரோஞ்சிக்கல்லும், அது நீர் குடித்தற்குக் கேணியும் அமைத்தலைத் தருமமெனக் கொண்டவர் யாழ்ப்பாணத்து முன்னோர். அத்தருமம் மனிதரோடு நின்றுவிடவில்லை என்பது கருதற்பாலது. இன்றோ பத்தி மதிலுக்குள் ஒடுங்கியுள்ளது. தீர்த்தக்கேணியின் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் அன்பரே தம் வளவில் கிணற்றின் அருகே மலக்குழி வெட்டுகின்றார். தோட்டத்தில் யூரியாவை அளவின்றி இடுகின்றார். சுண்ணக்கல்லினூடு ஊறும் நீர் கோயில் மதிலை அறியுமோ? குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பச்சிளங் குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

இறைவனை அழுக்குத் தீண்டாது. ஆகலின் நீரைக் கெடுத்தல் அவனுக்கு இழைக்கும் குற்றமாகுமோ என வினவலாம். அவனை அழுக்குத் தீண்டாதென்பது உண்மையே. ஆயின் அட்டமூர்த்தத்துள் எட்டாவது ஆன்மா. அந்நீரைப் பருகும் குழந்தையும் அவன் திருமேனியே ஆதலின், அவ்வினாவுக்கு விடை அங்கேயே உளது.

திருப்பணி செய்வோரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டப் பெரும்பொருள் சேர்கின்றது. குளத்தைத் தூர்வாருதற்கு அவ்வாறு சேர்வதரிது. அழகு கருதி வீதி முழுவதையும் சீமெந்திட்டு மூடுமிடத்து, அவ்விடத்தில் விழும் மாரிநீர் நிலத்துள் இறங்காது வாய்க்கால்வழி கடலுக்கே செல்கின்றது.