ஓங்கா நெல்லும் ஓங்கிய விளைச்சலும்

நெல் விளைச்சலைப் பெருக்கிய ஆய்வுகளுள் சீனத்தின் வீரிய ஒட்டு நெல் தனிக் கதை. அதை விடுத்து நோக்கின், தலையாய ஆய்வுகள் பயிரை ஓங்கி வளரச் செய்தவை அல்ல, ஓங்கவிடாமல் தடுத்தவை. நெற்பயிரின் உயரத்தை ஆள்வதில் ஜிப்ரெல்லின் என்னும் இயக்குநீருக்குப் பெரும்பங்குண்டு. ஆய்வாளர் நெடுங்காலம் அறியாமலே அதன் கடிவாளத்தைப் பற்றியிருந்தனர்.

பழைய நெட்டை வகைகளுக்குத் தழைச்சத்தை மிகுத்திட்டால் தாள் நீளும். கதிர் முற்றுகையில் பயிர் சாயும். 1962இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ், இந்தோனேசிய நெட்டை வகையான பேட்டாவைத் தைவானின் குட்டை வகையொன்றுடன் இணைத்தார். அவ்வழியில் பிறந்ததே 1966இல் வெளியான ஐ.ஆர்.8. தாளுக்குச் சென்ற சத்து மணிக்குத் திரும்பியது. உரத்தைத் தாங்கிப் பயிர் நிமிர்ந்து நின்றது. குட்டைமையின் காரணம் 2002இல்தான் விளங்கிற்று: ஜிப்ரெல்லினை ஆக்கும் நொதியொன்றின் மரபணு பழுதுபட்டிருந்தது. ஆசியாவின் உலையில் அரிசியை நிறைத்தது ஒரு பழுது!

அதே இயக்குநீர் வெள்ளத்திலும் வினையாற்றுகிறது. நீரில் மூழ்கிய நெல்லுக்குள் எத்திலீன் வளிமம் தேங்க, அது ஜிப்ரெல்லினின் வினையைத் தூண்டுகிறது. பயிர் காற்றைத் தேடி நீள்கிறது. ஆழநீர் நெல் இவ்வாறே வெள்ளத்தோடு உயர்ந்து பிழைக்கும். சில நாளில் வடியும் திடீர் வெள்ளத்திலோ இம்முயற்சி கேடாகும்: சேர்த்த மாவுச்சத்து தீர்ந்து, நீர் வடிந்ததும் பயிர் துவண்டு மடியும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்னும் நெல் அவ்வாறு பதறுவதில்லை. வளர்ச்சியை நிறுத்திச் சத்தைக் காத்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நீருள் காத்திருக்கும். அதற்குரிய சப்1ஏ மரபணுவை டேவிட் மெக்கில், பமீலா ரொனால்டு முதலியோர் 2006இல் இனங்கண்டனர். ஆந்திரத்தின் புகழ்பெற்ற சுவர்ணா நெல்லில் அப்பண்பை, மரபணுக் குறியீடுகளால் தேர்ந்து, பின்கலப்பால் ஏற்றி உருவாக்கிய சுவர்ணா-சப்1, 2009இல் இந்தியாவில் வெளியாயிற்று. வெள்ளம் வராத ஆண்டில் அது சுவர்ணாவைப் போலவே விளைகிறது. அத்தகைய தேர்வுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

குட்டைமைக்கு விலையும் உண்டு. ஜிப்ரெல்லின் குன்றிய பயிரில் டெல்லா எனும் தடைப்புரதங்கள் குவிந்து, உயரத்தோடு தழைச்சத்தை ஈர்க்கும் ஆற்றலையும் குறைக்கின்றன. குட்டை நெல் யூரியாவை மிகுதியாக வேண்டுவதன் ஒரு காரணம் இது. 2018இல் சீன ஆய்வாளர் தலைமையிலான குழு, ஜி.ஆர்.எஃப்.4 என்னும் புரதம் டெல்லாவை எதிர்த்து நிற்பதைக் காட்டியது. அதன் செயலை உயர்த்தினால் பயிர் குட்டையாகவே நின்று, தழைச்சத்தைத் திறம்பட ஏற்கிறது. விளைச்சலை இன்னும் ஒரு மூட்டை கூட்டும் ஆய்வைக் காட்டிலும், இடும் உரத்தில் ஒரு மூட்டையைக் குறைக்கும் இவ்வாய்வுக்கே இன்று முதலிடம் தரவேண்டும்.