தேக்கா கடைவீதி உலா: கட்டுரைக்கும் உரையாடலுக்கும் சில குறிப்புகள்

'குடும்பத்தோடு லிட்டில் இந்தியாவுக்குப் பொருள் வாங்கச் சென்ற அனுபவம்' என்று தலைப்புக் கொடுத்தால் போதும், நம் மாணவர்களின் பேனா தானாக ஓடும். மக்கள் கூட்டம் கடல் அலைபோல் இருக்கும். மல்லிகை மணம் மூக்கைத் துளைக்கும். வண்ண வண்ணச் சேலைகள் கண்ணைப் பறிக்கும். கடைசியில் எல்லாரும் களைத்துப்போய் மகிழ்ச்சியாக வீடு திரும்புவார்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் உள்ள தெரு மதுரையிலும் இருக்கலாம், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலும் இருக்கலாம். சிராங்கூன் சாலை மட்டும் அதில் இருக்காது.

இந்தக் குறைக்கு மருந்து இன்னும் நாலு உவமை இல்லை. தெருவின் பெயர் எங்கிருந்து வந்தது, பொருளை எப்படி அளக்கிறார்கள், வாங்குபவர் யார், என்ன சொல் சொல்லி வாங்குகிறார் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில்வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். நடந்துகொண்டே பார்ப்போம்.

முதலில் ஒரு தவற்றைத் திருத்திவிடலாம். 'ராஃபிள்ஸ் இந்தியர்களுக்காக ஒதுக்கிய இடமே லிட்டில் இந்தியா' என்று பலர் எழுதுகிறார்கள். இல்லைங்க. 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் சூலியாக்களுக்கென்று, அதாவது தென்னிந்தியர்களுக்கென்று, குறிக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் ஆற்றை ஒட்டி இருந்தது. சிராங்கூன் சாலைப் பகுதியை யாரும் ஒதுக்கித் தரவில்லை. அதை உருவாக்கியது பிழைப்பு, இன்னும் சரியாகச் சொன்னால் மாடு.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம் இது. தண்ணீரும் புல்லும் இருந்தன. எருமைக்கு வேறு என்ன வேண்டும்? அந்தக் காலத்தில் வண்டி இழுக்கவும் பாலுக்கும் இறைச்சிக்கும் மாடுதான். மாட்டுப்பட்டிகள் வந்தன. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் ஆட்கள் வந்தார்கள். செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், எண்ணெய் ஆட்டுதல், பிரம்பு வேலை, அன்னாசிப்பழ ஆலை என்று தொழில்கள் சேர்ந்தன. வேலைக்கு வந்தவர்கள் அருகிலேயே தங்கினார்கள். தங்கியவர்களுக்குச் சோறு வேண்டும், வேட்டி வேண்டும், கும்பிட ஒரு சாமி வேண்டும். கடைகளும் கோயில்களும் பள்ளிவாசலும் இப்படித்தான் இங்கே வேர்விட்டன. 'ஏன் இங்கே இத்தனை இந்தியக் கடைகள்?' என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், 'இந்தியர்கள் அதிகமாக வருவதால்' என்பது அரைப் பதில்தான். மாட்டிலிருந்து தொடங்கினால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

தெருப்பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். பஃபலோ ரோடு என்றால் எருமைச் சாலை. அதற்குப் பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் 'கெர்பாவ்' என்றாலும் எருமைதான். சற்றுத் தள்ளி லெம்பு ரோடு. 'லெம்பு' என்றால் மாடு. பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே கால்நடை வணிகம் செய்த யூதர் ஒருவரின் குடும்பப் பெயர். நம்மில் பாதிப் பேர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள 'கேகே' என்ன? கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப்பட்டி. 1966இல் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த மிக அதிகமான பிரசவங்கள் என்று அது கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. எருமைப்பட்டியின் பெயர் ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழ்களில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போது பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். மாட்டுக்கு அது புது இடம் இல்லை என்று அப்போது சொல்லிக்கொடுங்கள்.

பஃபலோ ரோடு முனையில் நிற்பது தேக்கா நிலையம். 'தேக்கா'வைத் தேக்கு மரத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். அது ஹொக்கியன் சொல். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்பதுபோன்ற பொருள். 1915இல் எழுந்த பழைய சந்தைக்குக் கண்டாங் கெர்பாவ் சந்தை என்று பெயர். ஆனால் மக்கள் வாயில் அது தேக்காதான். இப்போதுள்ள கட்டடம் 1982இல் திறக்கப்பட்டபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் உச்சரிப்பில் படித்து 'ஜூஜியாவ் நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். யார் வாயிலும் நுழையவில்லை. சீனக் கிழவிகளும் தேக்கா என்றார்கள், தமிழ்க் கடைக்காரர்களும் தேக்கா என்றார்கள். 2000இல் பலகையை மாற்றி 'தேக்கா நிலையம்' என்றே எழுதிவிட்டார்கள். மொழியைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? பலகையில் எழுதுவதால் ஒரு சொல் வாழ்ந்துவிடாது. காய்கறி வாங்கப் போகும்போது அதைச் சொல்ல வேண்டும்.

சந்தைக்குள் சொற்கள்

தேக்கா ஈரச்சந்தையில் ஒரு சுற்று வாருங்கள். வாழைப்பூ, வாழைத்தண்டு, புடலங்காய், பீர்க்கங்காய், சேனைக்கிழங்கு, முருங்கைக்கீரை, மணத்தக்காளி. நம் மாணவர்களில் பலர் இவற்றைச் சாப்பிட்டிருப்பார்கள், பெயர் சொல்லக் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் 'வெஜிடபிள்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். நீண்ட நாள் கடை வைத்திருக்கும் சில சீனக் கடைக்காரர்கள் காயின் தமிழ்ப்பெயரைச் சொல்லி விற்பதைக் கேட்டால், நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இனி மல்லிகைக்கு வருவோம். மூக்கைத் துளைக்கும் அந்த மல்லிகை! காலையில் கடைக்கு வரும் மல்லிகை மொட்டாக இருக்கும். மொட்டு விரியும்போதுதான் மணம் தூக்கும். அது பெரும்பாலும் மாலைக்கு மேல். காலை ஒன்பது மணிக்குப் பூக்கடைக்குப் போனதாக எழுதிவிட்டு மணத்தில் மயங்கினால் பூக்கட்டுபவர் சிரிப்பார். அதற்குப் பதில் கையைப் பாருங்கள். பூவை ஊசியில் குத்திச் சரம் செய்தால் கோர்ப்பது. நாரிலோ நூலிலோ முடிச்சுப் போட்டால் தொடுப்பது, கட்டுவது. கழுத்துக்குப் போடுவது மாலை, தலைக்கு வைப்பது சரம். அளவு முழம்: முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. யாருடைய கை என்பதுதான் பழைய வம்பு. மீட்டரும் கிலோவும் வந்து இத்தனை காலம் ஆகியும் பூ மட்டும் உடம்பால் அளக்கப்படுகிறது.

"அக்கா, மல்லி ஒரு முழம் எவ்வளவு?"

"இன்னிக்கு வெல கூடத்தான் பாப்பா. வெள்ளிக்கெழம பாரு. கனகாம்பரம் சேத்துக் கட்டுனது வேணுமா, தனி மல்லியா?"

"தனி மல்லி ரெண்டு முழம் குடுங்க. கொஞ்சம் நெருக்கமாக் கட்டுனதா பாத்துக் குடுங்க."

இதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. என் கருத்து இது: கதை சொல்லும் வாக்கியங்கள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள் கடைக்காரர் பேசுவது அவர் பேசுவதுபோல் இருக்கட்டும். 'இன்று மலர்களின் விலை உயர்ந்துள்ளது, மகளே' என்று எந்தப் பூக்கார அக்காவும் பேச மாட்டார். வாய்மொழித் தேர்வில் இன்னும் எளிது. காணொளியைப் பார்த்துவிட்டுப் பேசும்போது தேவை பேச்சுத்தமிழ். கடையில் உண்மையிலேயே நாலு வாக்கியம் பேசி ஒரு பொருள் வாங்கிய மாணவருக்கும், மனப்பாடம் செய்த மாணவருக்கும் உள்ள வேறுபாடு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கம் கடந்தால் கேம்பல் லேன், 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், லிட்டில் இந்தியா ஆர்கேட். இங்கே நடக்கும்போது தலைக்கு மேலே கூரை இருப்பதைக் கவனியுங்கள். கடைவீட்டின் முன்னால் விடப்பட்ட இந்த நடைபாதைதான் நம் தாத்தாக்கள் சொன்ன 'அஞ்சடி'. வீட்டின் முன்னால் மூடிய நடைபாதை வேண்டும் என்பது 1822ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க விட்ட இடம். பிறகு அதிலேயே பெட்டிக்கடை, கிளி சோதிடர், தையல் இயந்திரம், வெற்றிலைத் தட்டு எல்லாம் வந்தன. பழைய சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்.

நகைக்கடைகளில் '916' என்று எழுதியிருப்பது என்ன என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். கடை எண் என்று சொல்பவர்களும் உண்டு. சுத்தத் தங்கம் 24 காரட். நகைத்தங்கம் 22 காரட். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166... வரும். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்புபோன்ற உலோகம். அந்தக் கலப்பு இல்லாவிட்டால் வளையல் நெளிந்துபோகும். கண்ணாடியில் எழுதியிருப்பது ஒரு கிராம் விலை. அதோடு செய்கூலியும் பொருள் சேவை வரியும் சேரும். பாட்டிகள் மட்டும் இன்னும் பவுன் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு பவுன் எட்டு கிராம். 'பவுன்', 'சவரன்' இரண்டுமே பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயரிலிருந்து வந்தவை. அந்த நாணயமும் 22 காரட், எடை எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. காலனியின் நாணயம் உருகிப்போய்த் தாலியின் அளவாக நிற்கிறது.

மேலே நடந்தால் பெலிலியோஸ் ரோட்டு முனையில் வீரமாகாளியம்மன் கோயில். பழையவர்கள் அதைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்பார்கள். கம்பம் என்றால் கம்பங், மலாய்க் கிராமம், கொடிக்கம்பம் அல்ல. சுண்ணாம்புக் காளவாய் அணைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதில் வெந்தவர்களின் தடயம் இந்தப் பெயரில்தான் மிச்சம். இன்னும் சிறிது தூரத்தில், சாலைக்கு உள்ளே பீட்டி ரோட்டில், உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். அங்கே தமிழ் படிக்க வரும் மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் இந்தச் சாலை வழியாகத்தான் போகிறார்கள்; பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்தபடி!

கட்டடமும் கடையும்

உயர்நிலை நான்கு மாணவர்களுக்குக் கருத்து விளக்கக் கட்டுரையில் 'மரபைப் பாதுகாத்தல்' அடிக்கடி வரும் கரு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீடுகளின் முகப்பு, ஓட்டுக்கூரை, சன்னல் எல்லாம் தப்பித்தன. ஆனால் உள்ளே மசாலா அரைப்பதா, பயணப்பை விற்பதா என்பதைப் பெரும்பாலும் வாடகைதான் முடிவுசெய்கிறது. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடியிருப்பாளர்களையும் கடைக்காரர்களையும் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. 2001இல் அது முற்றாக நீக்கப்பட்டது. சுவர் நிற்கும், தொழில் போகும் என்ற நிலை எல்லாப் பழைய நகரங்களிலும் உண்டு. கட்டடத்தைக் காப்பது மரபைக் காப்பதில் பாதிதான் என்று வாதிட விரும்பும் மாணவர் தேக்காவையே சான்றாக வைக்கலாம். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ்போன்ற கடைகள் வாடிக்கையாளர்களாலேயே நிலைத்திருக்கின்றன. அருங்காட்சியகம் பார்ப்பதுபோல் பார்ப்பவரால் கடை பிழைக்காது, வாங்குபவரால்தான் பிழைக்கும்.

அந்த வாங்குபவர் யார்? ஞாயிறு மாலையில் போய்ப் பாருங்கள். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்கள் வருவார்கள். லெம்பு ரோட்டுத் திறந்தவெளியில் வங்காளம் கேட்கும்; பெருமாள் கோயில் பக்கம் புதுக்கோட்டைத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் கேட்கும். பணம் அனுப்புவது, சிம் அட்டை, முடிவெட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசி, ஊறுகாய் எல்லாம் ஒரே நாளில். நம் மாணவர் கட்டுரைகளில் இவர்கள் 'கூட்டம்' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறார்கள், சில நேரம் 'நெரிசல்' என்ற புகாராக. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சுண்ணாம்பு சுட வந்தவர்களும் இப்படித்தான் ஒரு கூட்டமாக இருந்தார்கள். நம்மில் சிலருடைய கொள்ளுத்தாத்தா அதில் ஒருவராக இருக்கலாம்.

மாணவர்களை அழைத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: வார நாள் காலை பத்து மணி நல்ல நேரம், கடைக்காரர்களுக்குப் பேச ஓய்வு இருக்கும். தீபாவளிக்கு முந்திய மூன்று வாரமும் தவிர்த்துவிடுங்கள். வினாத்தாள் வேண்டாம். ஆளுக்கு ஐந்து வெள்ளியும் ஒரு சீட்டும் கொடுங்கள். சீட்டில் பொருளின் பெயர் தமிழில் மட்டும்: கருணைக்கிழங்கு கால் கிலோ, வெற்றிலை ஒரு கட்டு, கொட்டைப்பாக்கு, தாம்புக்கயிறு, விளக்குத்திரி. எதுவும் புரியாவிட்டால் கடைக்காரரைத் தமிழில் கேட்க வேண்டும், கைப்பேசியை எடுக்கக்கூடாது. கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் தமிழிலேயே தொடர வேண்டும். பெரியவர்களை அண்ணே, அக்கா, பாய் என்று இடமறிந்து அழைக்கட்டும். வாங்கி வந்த பொருளை மறுநாள் வகுப்பில் மேசைமேல் வைத்து, 'இதை யாரிடம், என்ன சொல்லி வாங்கினாய்?' என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் வாய்மொழிப் பயிற்சிக்கு அதுவே போதும். கருணைக்கிழங்கை மட்டும் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். வெறுங்கையால் தோல் சீவ வேண்டாம், அரிக்கும்.