பதிவேட்டில் காணாமற்போகும் பெயர்கள்



"கணினியில் உங்கள் பெயர் இல்லை" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டால், நம்மில் பலர் அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. இயந்திரமே சொன்ன பிறகு மனிதர் என்ன சொல்வது என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறோம். அப்படித் திரும்பியவர்களில் காலமான தகப்பனாரின் சேமநிதிப் பணத்தைக் கேட்கப் போனவர்கள் உண்டு. பாட்டி வாங்கி வைத்த கூட்டுறவுப் பங்கைத் தேடிப் போனவர்களும் உண்டு. ஆனால் "இல்லை" என்று கணினி சொல்வதற்கு ஒரே பொருள்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாலைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. அவை என்னவென்று இன்று பார்ப்போம்.

நம் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ப் பதிவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டே, 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. தோட்டத்துச் சனங்களின் பெயர்கள் பெருவாரியாக அரசாங்கத் தாளில் ஏறியது அப்போதுதான் எனலாம். வாயால் சொன்ன தமிழ்ப் பெயரை, தமிழ் அறியாத எழுத்தர்கள் பலர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். லெட்சுமி, லெச்சுமி, லட்சுமி, லெச்சிமி எல்லாம் நமக்கு ஒரே பெயர்தான். தாளில் அவை நான்கு பெயர்கள். அக்காளும் தங்கையும் ஒரே தகப்பன் பெயரை இரண்டு விதமாகச் சுமந்துகொண்டிருக்கும் வீடுகள் நம் லயங்களில் எத்தனையோ.

இந்தப் பெயர்களைக் கணினி எப்படி வைத்திருக்கிறது? தோட்டத்தில் கிராணியார் வைத்திருந்த செக்ரோலை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட பெரிய புத்தகம் அது. ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், எண், வேலை செய்த நாள், வெட்டிய பால், பிடித்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கணினியிலுள்ள டேட்டாபேஸ், அதாவது தரவுத்தளம், இப்படிப்பட்ட பல புத்தகங்களின் தொகுதிதான். உறுப்பினர்களுக்கு ஒரு புத்தகம், அவர்கள் கட்டிய பணத்துக்கு வேறொன்று, வாரிசுகளுக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவது ஓர் எண். அந்த எண் எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் ஒரே ஆளைத்தான் குறிக்க வேண்டும். இந்த முறையை 1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் வகுத்துச் சொன்னார். இன்றைக்கு வங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் பெரும்பாலும் இந்த முறையிலேயே நடக்கின்றன.

நம் நாட்டில் அந்தக் கட்டும் கயிறு ஐ.சி. எண். 1990 முதல் அது 12 இலக்கங்கள் கொண்டது. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். அதற்கு முன்பு பழைய அட்டைகளில் ஏழு இலக்க எண் இருந்தது. இங்கேதான் முதல் சிக்கல் பிறக்கிறது. பழைய பதிவேடு ஒன்றில் ஏழு இலக்க எண்ணோடு இருக்கும் ஒருவரை 12 இலக்க எண்ணைப் போட்டுத் தேடினால் கணினி "இல்லை" என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்விதான் தவறு.

பெயரைக் கொண்டு தேடினாலும் இதே கதைதான். கணினிக்கு ஓர் எழுத்து கூடினாலும் வேறு ஆள், குறைந்தாலும் வேறு ஆள். பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே வரும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பதை ஒரு பதிவில் சரிவுக்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். மற்றொன்றில் கோடு விட்டுப் போயிருக்கும். பெயரின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால்கூடப் பல சமயம் பொருத்தம் கெட்டுவிடும். எனவே நல்ல எழுத்தர் முழுப் பெயரையும் தட்டுவதில்லை. ஒரு துண்டை மட்டும் தட்டி, அந்தத் துண்டு எங்கெல்லாம் வருகிறது என்று பார்ப்பார். கூடவே பிறந்த தேதியையும் ஒத்துப் பார்ப்பார்.

ஓசையைக் கொண்டு தேடும் வழியும் ஒன்று உண்டு. சவுண்டெக்ஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்ற பழைய முறை அது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை உதறிவிட்டு, மற்ற எழுத்துகளை ஓசை இனத்துக்கு ஓர் எண்ணாக மாற்றும். சுப்ரமணியம் என்பதை 'பி' போட்டு எழுதினாலும் சரி, 'பீ' போட்டு எழுதினாலும் சரி, குறியீடு ஒன்றே. லட்சுமியை 'கே', 'எஸ்' போட்டு எழுதினாலும், 'சி', 'எச்' போட்டு லெச்சுமி என்று எழுதினாலும் இரண்டும் ஒரே குறியீட்டில் வந்து விழும். ஆனால் நடுவில் ஒரு 'டீ' சேர்த்து லெட்சுமி என்று எழுதிவிட்டால், வேறு குறியீட்டுக்குப் போய்விடும். முதல் எழுத்து மாறினாலோ தீர்ந்தது: கோபாலை 'ஜி'யில் தொடங்கினால் ஒரு பக்கம், 'கே'யில் தொடங்கினால் மறு பக்கம். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகத் தைத்த சட்டை நமக்கு எப்படிப் பொருந்தும்? நம் பெயர்களுக்கு மாற்றெழுத்துகளின் பட்டியல் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு தேடுவதே சிறந்தது என்பது நம் கருத்து.

இனி, எண்ணும் சரி, பெயரும் சரி, ஆனாலும் பட்டியலில் ஆள் இல்லை என்ற நிலை. இதைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததை நாம் அறிவோம். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அதுபோல் எந்தச் சங்கமாயினும், உறுப்பினர் புத்தகம் ஒன்று, வாரிசுப் புத்தகம் ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். "உறுப்பினர்களையும் அவர்களின் வாரிசுகளையும் காட்டு" என்று கணினியைக் கேட்கிறோம். அது இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள எண்களை மட்டும் எடுத்துத் தரும். வாரிசு எழுதாமலே கண்ணை மூடிய ஒரு பெரியவர் இரண்டாவது புத்தகத்தில் இல்லை. ஆகவே பட்டியலிலும் இல்லை. அவர் பணம் முதல் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. பெயர்தான் தாளில் வரவில்லை. "வாரிசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுப்பினர் அனைவரையும் காட்டு" என்று கேள்வியை மாற்றினால் அவர் வந்து நிற்பார். இதை இடது வெளி இணைப்பு என்பார்கள். ஒரு கேள்வியின் அமைப்பில் உள்ள சிறு வேறுபாடு, ஒரு குடும்பத்துக்குப் பணம் கிடைப்பதும் கிடைக்காததுமாக முடிகிறது பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருவருக்கு இரண்டு வாரிசுகள். அவர் மூன்று முறை பணம் கட்டியிருக்கிறார். மூன்று புத்தகங்களையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒவ்வொரு கட்டணமும் ஒவ்வொரு வாரிசோடும் சேர்ந்து ஆறு வரிகளாகிவிடும். கூட்டிப் பார்த்தால் கட்டிய பணம் இரு மடங்காகத் தெரியும். சந்தோஷப்பட வேண்டாம், தணிக்கையில் அகப்பட்டுக்கொள்ளும். கட்டணத்தை முதலில் தனியே கூட்டிவிட்டு, பிறகு மற்றதோடு சேர்ப்பதே முறை.

வெறுமையாக விட்ட கட்டமும் வம்பு செய்யும். நம் பழைய தலைமுறையில் பிறந்த இடம் எழுதாத பதிவுகள் இருக்கக்கூடும். "பேராக்கில் பிறக்காதவர்களைக் காட்டு" என்றால், கட்டம் காலியாக உள்ளவரைக் கணினி காட்டாது. "பேராக்கில் பிறந்தவர்களைக் காட்டு" என்றாலும் காட்டாது. தெரியாத ஒன்றை எதனோடும் ஒப்பிட முடியாது என்பது அதன் நியாயம். காலிக் கட்டங்களைத் தனியே கேட்டுத்தான் பெற வேண்டும்.

இதுவரை சொன்னவை கேள்வியின் கோளாறுகள். பதிவே பழுதாவது வேறு. நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வருவதும், கரண்டு போவதும் சகஜம். தகப்பன் பங்கை மகன் பெயருக்கு மாற்றுகிறார்கள் என்று கொள்வோம். தகப்பன் கணக்கில் கழித்தாயிற்று. மகன் கணக்கில் ஏற்றுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பங்கு எங்கே? இந்தப் பயத்துக்காகவே நல்ல தரவுத்தளங்கள் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கின்றன. செய்யப் போவதை முதலில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் பெரிய புத்தகத்தைத் தொடும். கரண்டு வந்ததும் குறிப்பேட்டைப் படித்து, முடிந்த வேலையை முழுதாக நிறைவேற்றும். முடியாததை அடியோடு நீக்கிவிடும். பாதியில் நிற்க விடாது. இருந்தாலும் வட்டு தேய்ந்து போவதுண்டு, நினைவகம் கெடுவதுண்டு. இதைக் கண்டுபிடிக்க, கிராணியார் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போடுவதுபோல், கணினியும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போட்டு வைக்கும். படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால் பக்கம் பழுது என்று கூவும்.

சில சமயம் பக்கம் நன்றாகவே இருக்கும்; பொருளடக்க அட்டவணைதான் கெட்டிருக்கும். இலட்சம் வரிகளில் ஒருவரை நொடியில் தேட, புத்தகத்தின் பின்னால் உள்ள அகரவரிசை அட்டவணையைப் போல ஒன்று கணினிக்கும் உண்டு. அது குழம்பிவிட்டால், இருக்கும் ஆளையே இல்லை என்று சொல்லும். 2018இல் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் நடந்தது. லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நிரல் தொகுதி ஒன்றின் புதிய பதிப்பு எழுத்துகளின் வரிசைமுறையை மாற்றிவிட்டது. இடைக்கோடு போன்ற குறிகள் கலந்த சொற்கள் இடம் மாறின. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை அதன்மேல் வைத்திருந்தவர்களின் பழைய அட்டவணைகள், புதிய வரிசைக்கு ஒவ்வாமல் தவறான விடை தரத் தொடங்கின. ஒரு வரியும் அழியவில்லை. அட்டவணையைத் திரும்பக் கட்டியதும் சரியாயிற்று. ஆகவே, "இல்லை" என்று வந்தால், அட்டவணையை நம்பாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வது அறிவுள்ள செயல்.

பதிவு உண்மையிலேயே பழுதாகிவிட்டால் என்ன செய்வது? இப்பொழுது கணினிப் படிப்புப் படித்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சங்கத்துக் கணக்கையோ கோயில் கணக்கையோ அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறோம். முதலில் எழுதுவதை நிறுத்த வேண்டும். அடுத்து, பழுதான புத்தகத்தைப் பழுதோடேயே ஒரு பிரதி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பழுது நீக்கும் கட்டளைகள் சில, படிக்க முடியாத பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு மீதியைச் சரி என்று காட்டும். பிரதி இல்லாமல் அந்தக் கட்டளையைத் தொடுவது, காயம்பட்ட விரலை வெட்டிவிட்டு வலி போயிற்று என்பதைப் போன்றது. பழைய சேமிப்புப் பிரதி இருந்தால் அதிலிருந்து மீட்பதே சிறப்பு. அதன் பிறகு நடந்தவற்றைக் குறிப்பேட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். அந்தச் சேமிப்புப் பிரதியும் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தால் பயனில்லை. வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். எப்போதாவது அதைத் திறந்து, உண்மையில் மீட்க முடிகிறதா என்று சோதித்திருக்கவும் வேண்டும்.

நம் பங்குக்குச் செய்யக் கூடியது என்ன? பழைய ஏழு இலக்க ஐ.சி.யைத் தூக்கி எறியாமல் வைத்திருப்போம். சூராட் பெரானாக், சம்பளச் சீட்டு, பங்குச் சீட்டு எதில் எந்த எழுத்தில் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். கவுண்டரில் அந்தத் தாளைக் கொடுத்து, "பழைய எண்ணைப் போட்டும் பாருங்கள் ஐயா, இந்த எழுத்திலும் பாருங்கள், வாரிசு எழுதாதவர் பட்டியலிலும் பாருங்கள்" என்று கேட்போம். கிடைத்த பிறகு பெயரைத் திருத்துவார்கள். அப்போது பழைய எழுத்தை அழித்துவிடாமல், வேறொரு பத்தியில் தேதியோடு வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பக்கத்து அலுவலகத்தில் அந்தப் பெயர் இன்னும் பழைய எழுத்திலேயே இருக்கும். அங்கே தேடப் போகும்போது அதுதான் தேவைப்படும்.