கொச்சியில் ஒரு நாள்

துறைமுக நகரம் ஒன்றைக் காணச் செல்பவர்கள், பெரும்பாலும் அங்குள்ள கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அத்தகைய நகரத்தின் வரலாறு கட்டடங்களில் தொடங்குவதில்லை. தண்ணீரின் ஆழத்தில் தொடங்குகிறது. கப்பல் வந்து நிற்பதற்கேற்ற ஆழம் எங்கே இருக்கிறதோ, அங்கே வணிகன் வருகிறான். அவனைத் தொடர்ந்து படைவீரனும் சமயத் தொண்டனும் வருகிறார்கள். ஆழம் தூர்ந்து போனால் அவர்கள் வேறு துறையை நாடுகிறார்கள். இவ்வுண்மையை ஒரே நாளில் கண்ணாரக் காண வேண்டுமானால் கொச்சிக்குச் செல்லுங்கள். நானும் என் மனைவியும் அங்கே ஒரு நாளைக் கழித்தபோது கண்டவற்றையும், அவற்றுக்குப் பின்னால் உள்ள செய்திகளையும் மாணவ நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் நில அமைப்பைத் தெரிந்துகொள்வோம். கொச்சி என்பது ஒரே ஊர் அன்று. கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பகுதியின் வடமுனையில் இருப்பது கோட்டைக் கொச்சி. அதனை அடுத்துக் காயலோரமாக அமைந்தது மட்டாஞ்சேரி. காயலுக்குக் கிழக்கே உள்ளது எர்ணாகுளம். கோட்டைக் கொச்சிக்கு நேர் வடக்கே, குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால், வைப்பின் தீவு கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே காயல் அரபிக்கடலோடு கலக்கிறது. துறைமுகத்தின் வாயில் அதுவே.

இந்த வாயில் பெருங்கப்பல்களின் வழியாக ஆன கதை சுவையானது. சங்க காலத்தில் சேரநாட்டின் பெருந்துறையாக விளங்கியது முசிறி. கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கழிமுகத்தில் இருந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூறு கூறுகிறது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் அப்பகுதியைத் தூர்த்துவிட்டது என்றும், அதே வெள்ளம் கொச்சியின் கழிமுகத்தை அகலமாக்கியது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஓர் ஊரின் வாழ்வை எடுத்து மற்றோர் ஊருக்குக் கொடுத்தது ஆற்று மண்.

காலையில் நாங்கள் முதலிற் கண்டது கோட்டைக் கொச்சியின் கரையில் வரிசையாக நிற்கும் சீன வலைகள். சீன நாட்டு வணிகர்கள் கொண்டுவந்தவை என்பது வழிவழிச் செய்தி. கரையில் நாட்டிய மரச்சட்டத்தின் ஒரு புறத்தில் பெரிய வலை தொங்குகிறது; மறுபுறத்தில் கயிறுகளில் கட்டிய கனத்த கற்கள் தொங்குகின்றன. நான் படம் எடுப்பதில் ஈடுபட்டிருந்தேன். என் மனைவியோ, "கற்களை ஏன் ஒரே உயரத்தில் கட்டாமல் வெவ்வேறு உயரங்களில் கட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அங்கிருந்த முதிய மீனவர் ஒருவர் வாயால் விடை சொல்லவில்லை. வலையை இயக்கிக் காட்டினார்.

வலை நீருக்குள் இருக்கும்போது கற்கள் யாவும் அந்தரத்தில் தொங்குகின்றன. நான்கைந்து பேர் கயிற்றைப் பற்றி இழுத்ததும் வலை மெல்ல எழுகிறது. அது எழ எழ, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகின்றன. தரையைத் தொட்ட கல்லின் பாரம் அதன்பின் சட்டத்தை இழுப்பதில்லை. வலை உயர உயர எதிர்ப்பாரம் குறைந்துகொண்டே வருவதால், சட்டம் எந்த நிலையிலும் சமன் கெடுவதில்லை. வலையை மீண்டும் இறக்குவதற்கு ஒரு மனிதன் நடுமரத்தின்மீது நடந்து சென்றாலே போதும். பள்ளியில் நெம்புகோலைப் பற்றிப் படிக்கும் மாணவர் ஒரு முறையேனும் இதனைப் பார்க்க வேண்டும். அன்று அந்த வலையில் விழுந்த மீன் ஒரு கூடைக்கும் குறைவுதான். தேக்கு மரத்துக்குப் பதிலாகச் சில வலைகளுக்கு இரும்புக் குழாய்களைப் பூட்டியிருக்கிறார்கள்.

கரையிலிருந்து சிறிது தொலைவில் உள்ளது புனித பிரான்சிசு தேவாலயம். 1524ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள் கொச்சியில் உயிர்நீத்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் அவருடைய எச்சங்களைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு சென்றுவிட்டார்கள். இங்கே எஞ்சியிருப்பது கல்லறைக் கல் மட்டுமே. போர்ச்சுகீசியர் எழுப்பிய இவ்வாலயம், 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரிடமும், 1795இல் வந்த ஆங்கிலேயரிடமும் முறையே சென்றது. இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. ஆண்டவர்கள் மாறினார்கள், ஆலயம் மாறவில்லை.

நண்பகலில் மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். அங்குள்ள அரண்மனையை மக்கள் டச்சு அரண்மனை என்கிறார்கள். அதனைக் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரர் செய்தது பழுது பார்த்தது மட்டுமே. சுவர்களில் தீட்டியுள்ள இராமாயண ஓவியங்கள் நின்று நிதானமாகப் பார்க்கத்தக்கவை.

அரண்மனைக்கு அருகிலேயே, மிளகும் ஏலமும் மணக்கும் தெருவின் கோடியில், யூதர்களின் பரதேசித் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1568இல் எழுந்தது அது. 1760இல் மணிக்கூண்டு சேர்ந்தது. காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால், காலடியில் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வந்த வெள்ளையும் நீலமுமான ஓடுகள்; கையால் வண்ணம் தீட்டியவை. தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். யூதக் கூடம், அதன் பக்கத்தில் பகவதி கோயில், அதனை ஒட்டி அரசனின் மாளிகை! பிற நாடுகளில் துன்புறுத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்திற்குக் கொச்சி மன்னர்கள் தம் வாயிற்புறத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

"இங்கே இப்போது யார் தொழுகிறார்கள்?" என்று என் மனைவி மெல்லிய குரலில் கேட்டாள். யூத மரபின்படி முழுமையான கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த ஆடவர் பத்துப் பேர் வேண்டும். 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். இக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா 1968இல் சிறப்பாக நடந்தது. அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். இன்று அந்தப் பத்துப் பேர் அவ்வூரில் இல்லை. வெளியூரிலிருந்து யூதர்கள் வந்தால்தான் எண்ணிக்கை நிறையும். விளக்குகளைத் துடைத்துத் தரையைத் தூய்மையாக வைத்திருக்கிறார்கள். கூடத்தை நிறைப்பவர் எங்களைப் போன்ற பார்வையாளர்களே.

மாலையில் மின்கலத்தால் இயங்கும் படகில் ஏறி எர்ணாகுளத்தை நோக்கிச் சென்றோம். வழியில் வில்லிங்டன் தீவின் கப்பல் துறைகள் தெரிந்தன. தீவு என்றதும் இயற்கை அமைத்தது என்று எண்ணுவோம். இதன் பெரும்பகுதி மனிதன் அமைத்தது.

ஆறுகள் அடித்துவரும் மண், கடலைச் சந்தித்ததும் வேகம் இழந்து கீழே படிகிறது. கடலலையோ மணலைத் திரும்பத் திரும்பக் கரைப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வாயிலின் குறுக்கே ஒரு மணல்திட்டை எழுப்பிவிடுகின்றன. அதனால் பெரிய நீராவிக் கப்பல்கள் உள்ளே வர இயலாமல் வெளிக்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சின. சரக்குகளைப் படகுகளில் ஏற்றி இறக்கினார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது பெரும்பாடு.

அக்காலத்தில் கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சென்னை ஆளுநர் வில்லிங்டன் பிரபுவின் காலத்தில், 1920இல், ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அங்கே வந்தார். திட்டை அகற்றினால் நீரோட்டம் திசை மாறி வைப்பின் கரையை அரித்துவிடுமோ என்ற அச்சம் நிலவியது. பிரிஸ்டோ அலையையும் ஓதத்தையும் மண்ணின் போக்கையும் பல காலம் ஆராய்ந்த பின்னரே வாயிலைத் தோண்டினார். 1928 மே மாதம் 26ஆம் நாள் பத்மா என்னும் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. காயலிலிருந்து வாரிய மண்ணைக் கொட்டி வளர்த்த நிலமே வில்லிங்டன் தீவு. தடையாக இருந்த மண்ணே தளமாக மாறிற்று!

ஆனால் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. மழை பெய்யும்தோறும் ஆறுகள் மண்ணைக் கொண்டுவருகின்றன. ஆண்டுதோறும் தூர்வாரும் கப்பல்கள் அதனை அள்ளுகின்றன. 2011இல் வல்லார்பாடத்தில் பெட்டகக் கப்பல்களுக்கான முனையம் திறந்த பிறகு இன்னும் கூடுதலான ஆழம் தேவைப்படுகிறது. அதற்கேற்பச் செலவும் கூடுகிறது. சில ஆண்டுகள் கைவிட்டால் பழைய மணல்திட்டு மெல்லத் தலைகாட்டும்.

மாணவர்களே, முசிறி தூர்ந்தபோது அதனைத் தடுக்கும் கருவி மனிதனிடம் இல்லை. இன்று இருக்கிறது. ஆயினும் கருவி தானாக வேலை செய்வதில்லை. சீன வலைக்குக் கயிறு இழுக்கும் நான்கைந்து பேர் வேண்டும். தொழுகைக்கூடத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். துறைமுகத்துக்கு ஓயாமல் மண் அள்ளும் கைகள் வேண்டும். முன்னோர் விட்டுச் சென்றவற்றைப் பார்த்து வியப்பது எளிது. அவை நிலைத்திருப்பதற்கு யார் நாள்தோறும் உழைக்கிறார்கள் என்று கேட்டறிவதும் சுற்றுலாவின் பயன்களுள் ஒன்று. நீங்கள் எந்த ஊரைக் காணச் சென்றாலும் இக்கேள்வியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.