மஞ்சள் பைக்கு ஒரு கட்டடம்

மருத்துவமனை என்றதும் நம் கண்முன் வருவன வெள்ளைச் சுவர், மருந்து வாடை, எண் அழைக்கப்படும்வரை காத்திருக்கும் நாற்காலி வரிசை. அதன் பின்கட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டடக்கலை பயிலும் எனக்குக்கூட, இறுதியாண்டு வடிவமைப்புப் பயிற்சிக்கு 'மருத்துவமனைக் கழிவு மேலாண்மைக் கட்டடம்' என்னும் தலைப்பு அமைந்த பிறகே அதைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதாயிற்று. நண்பர்கள் நூலகமும் அருங்காட்சியகமும் வரைந்துகொண்டிருக்க, "நீ குப்பைக் கொட்டகை போடுகிறாயா?" என்று கேலி செய்தனர். அது கொட்டகை அன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்த நிலம் கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆறு, கரையில் பெரெம்பாங் மரங்கள், அவற்றில் இரவெல்லாம் மின்னும் மின்மினிகள், சற்று உள்ளே வந்தால் செம்பனைத் தோட்டங்கள். அங்கு மருத்துவமனை ஏதும் இல்லை. எங்கள் மாவட்டத்து மக்கள் தஞ்சோங் காராங் அரசு மருத்துவமனையை நாடுகின்றனர். 100 கட்டில் கொண்ட ஒரு சிறிய மருத்துவமனை கம்போங் குவாந்தானில் அமைந்தால் அதன் கழிவு எங்கே போகும், எப்படிப் போகும் என்பதே எனக்கு நானே விடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு நம் வீட்டுக் குப்பையைப் போன்றதுதான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மிச்ச உணவு, தாள், அட்டைப்பெட்டி, நெகிழிப் புட்டி. எஞ்சிய 15 விழுக்காடே ஆபத்தானது: இரத்தம் தோய்ந்த பஞ்சு, ஊசி, திசுக்கள், ஆய்வுக்கூடக் கழிவு, காலாவதியான மருந்து. நம் நாட்டில் எரிக்க வேண்டிய மருத்துவக் கழிவுக்கு மஞ்சள் பை. முதலில் நீராவியில் கிருமி நீக்க வேண்டியதற்கு வெளிர் நீலப் பை. பொதுக் குப்பைக்குக் கறுப்புப் பை. ஊசியும் கத்தியும் பைக்குள் போகக் கூடா. துளைபடாத கெட்டியான கலனில்தான் போக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர (அட்டவணைக் கழிவு) விதிமுறைகளில் மருத்துவக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 404 என்று குறியீடே உண்டு.

கழிவுக் கட்டடம் என்றால் புகைபோக்கி இருக்க வேண்டும் என்றே நானும் முதலில் எண்ணினேன். முன்பெல்லாம் மருத்துவமனைகள் பல தத்தம் வளாகத்திலேயே சிறிய எரியுலைகளில் எரித்து வந்தன. 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, பராமரிப்பு ஆகியவற்றோடு மருத்துவக் கழிவும் மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் கழிவு லோரியில் ஏறிப் பெரிய எரியுலைகளுக்குச் சென்றது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளும் இவ்வழியையே காட்டுகின்றன: 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனை தனக்கெனத் தனி நிலையம் அமைக்கக் கூடாது. காரணம் எளியது. சரியாக எரிக்க, புகையை இரண்டாம் அறையில் குறைந்தது 850 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு விநாடியாவது நிறுத்த வேண்டும். குளோரின் கலந்த நெகிழி அரைகுறையாக வெந்தால் டயாக்சின் எனும் நச்சு பிறக்கும். சிறிய உலையில் அந்தக் கட்டுப்பாடு எளிதில் கைகூடாது.

ஆக, நான் வரைய வேண்டியது எரியுலை அன்று. கழிவு லோரிக்குக் காத்திருக்கும் அறை. இனி அதன் அளவுக்கு வருவோம்.

வசதியுள்ள நாடுகளில் ஒரு கட்டிலுக்கு நாளொன்றுக்கு 0.5 கிலோ வரை ஆபத்தான கழிவு சேரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 100 கட்டிலுக்கு 50 கிலோ. 240 லிட்டர் சக்கரத் தொட்டி ஒன்றில் ஏறத்தாழ 25 கிலோ அடங்கும் எனக் கொண்டேன். நாளுக்கு இரண்டு தொட்டி. லோரி தவறினால் மூன்று நாள் கழிவு தங்கும் எனக் கொண்டேன். ஆறு தொட்டி, கூடுதலாக இரண்டு. இதற்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை போதும்.

ஆனால், வார்டில் எல்லாரும் எல்லாவற்றையும் மஞ்சள் பையிலேயே போட்டால்? 50 கிலோ என்பது 15 விழுக்காடு என்றால் மொத்தக் கழிவு ஏறத்தாழ 330 கிலோ. நாளுக்கு 13 தொட்டி. மூன்று நாளைக்கு 39. அறை 40 சதுர மீட்டராகிவிடும், அதாவது தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் பாதிக்கு மேல். அத்தனையையும் குளிரூட்ட வேண்டும், லோரியில் ஏற்ற வேண்டும், எரிக்க வேண்டும். சோற்றுப் பொட்டலத் தாளை 850 பாகையில் எரிப்பது எவ்வளவு பெரிய வீண்! பசுமைக் கட்டடம் என்றதும் நாம் கூரையில் சூரியத் தகடு பதிக்கத் தொடங்குகிறோம். உண்மையில் இக்கட்டடத்தின் அளவு கட்டிலருகே, தாதியின் கைக்கெட்டும் தூரத்தில் எத்தனை தொட்டி இருக்கிறது என்பதில் முடிவாகிவிடுகிறது. அதனால் என் வரைபடத்தின் முதல் தாள் வார்டுதான். விரிவுரையாளர் முதலில் புருவம் உயர்த்தினார். கணக்கைக் காட்டியபின் ஒன்றும் சொல்லவில்லை.

குளிரூட்டல் தேவைதானா? வெப்ப நாடுகளில் குளிரூட்டாத கழிவு குளிர்காலத்தில் 48 மணி நேரத்துக்கும் கோடையில் 24 மணி நேரத்துக்கும் மேல் தங்கலாகாது என்பது பரிந்துரை. நமக்கு ஏது குளிர்காலம்? எனவே அறை சிறிதாக, சுவர் தடிப்பாக, மேலே இரட்டைக் கூரையாக அமைத்தேன். இரு கூரைக்கும் நடுவே காற்று ஓடும். சூரியத் தகடு மேல்கூரையில் வந்தது. அதுவும் நிழல் தருகிறதல்லவா! 2020-இல் கோவிட் பரவியபோது பாதுகாப்பு உடைக் கழிவு எங்கும் மலைபோல் குவிந்ததை மனத்திற்கொண்டு, முன்புறத்தைக் குளிர்பெட்டிக் கொள்கலன் ஒன்று நிற்கும் அளவுக்குக் கூரையிட்டுத் திறந்தவெளியாக விட்டேன். தரை சாலையைவிட உயரம்; 2021 டிசம்பரில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்தது பாதை. அழுக்குத் தொட்டி ஒரு வாசலில் நுழையும். கழுவிய தொட்டி மறு வாசலில் வெளியேறும். இரண்டும் சந்திக்கக் கூடா. சமையற்கட்டின் வழியும் சவக்கிடங்கின் வழியும் வேறு. என் அத்தை ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்தவர். "கனமான பைக்குப் பயமில்லடா, உள்ளே ஊசி கிடக்குற பைக்குத்தான் பயம்" என்பார். அச்சத்துக்குக் காரணம் உண்டு. நோயாளியிடம் பயன்படுத்திய ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை. ஹெப்பட்டைட்டிஸ் சி 1.8, எச்.ஐ.வி. 0.3. ஆகவே பையைக் கையால் தூக்கும் இடமே இல்லாதபடி, படி இல்லாத சாய்தளமும் லோரியின் தட்டுயரத்துக்கு மேடையும் வைத்தேன். பணியாளருக்குக் குளியலறை, உடைமாற்றும் அறை, உட்கார்ந்து உண்ண ஓர் இடம் ஆகியவற்றைத் தூய்மைப் பக்கத்தில் அமைத்தேன். பல வரைபடங்களில் இந்த அறைகள் இருப்பதே இல்லை.

காட்மாண்டுவின் பீர் மருத்துவமனையில் 2010 முதல் எரிப்பதைக் கைவிட்டு ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலனுக்கு மாறினர். கிருமி நீங்கிய நெகிழியை விற்றனர். உணவுக் கழிவிலிருந்து சாண எரிவாயு போல் வாயு எடுத்தனர். 121 பாகை நீராவிக்குக் கிருமிகள் மடியும். ஆனால் புற்றுநோய் மருந்தின் மிச்சத்தை அது ஒன்றும் செய்யாது. உடற்பகுதிகளும் அதற்கு ஏற்றவை அல்ல. நான் ஆட்டோகிளேவுக்கு இடம் மட்டும் ஒதுக்கினேன். கறுப்புப் பை, 2007-இல் திறக்கப்பட்ட ஜெராம் குப்பை நிலப்பரப்புக்கே போகட்டும். உணவுக் கழிவு மட்டும் அங்கு போகாமல் வாயுக்கலனுக்கு.

எந்த நிறப் பையிலும் சேராத ஒன்றும் உண்டு: நஞ்சுக்கொடி. மலாய்க் குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெற்று, கழுவி, வீட்டருகே புதைப்பது வழக்கம். நம் பாட்டிமாரும் புதைத்தவர்களே. விதிப்புத்தகத்தின் பார்வையில் அது கழிவு, குடும்பத்துக்கு அது பிள்ளையோடு வந்தது. அதைத் தந்தையின் கையில் கொடுப்பதற்குப் பிரசவ வார்டை ஒட்டியே ஒரு சிறு சாளரம் வரைந்தேன். குப்பைமேட்டு வாசலில் வந்து அவர் நிற்கக் கூடாதல்லவா?

கடைசியாக, ஆறு. தொட்டி கழுவும் நீர் மழைக்கால்வாயில் விழுந்தால் அது சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் போகும். மின்மினியின் புழுக்கள் கரைச்சேற்றில் நத்தை தின்று வளர்பவை. சேறு கெட்டால் நத்தையும் இல்லை, மின்மினியும் இல்லை. எனவே கழுவுமிடத்தைச் சுற்றி வரம்பு கட்டி, அந்நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாயில் விட்டேன். கூரை மழைநீர் மட்டும் கால்வாய்க்குப் போகும். ஒளியும் அப்படியே. மின்மினிகள் மினுக்கித்தான் இணையை அழைக்கின்றன. வெள்ளொளி விளக்கு அந்த அழைப்பை மறைத்துவிடும். லோரி இரவில் வராதபடி பகலிலேயே நேரம் வகுத்தேன். வெளி விளக்குகள் மஞ்சள் நிறத்தவை, மேலே மூடியிட்டவை, தரையை மட்டும் நோக்குபவை; ஆற்றுப் பக்கச் சுவரில் விளக்கும் இல்லை, சாளரமும் இல்லை.