கட்டுமரத்தில் சுறா வேட்டை

கடலிலே மீன்பிடிக்கச் செல்லும் கலங்கள் பல. அவற்றுள் மிக எளியது கட்டுமரம். அதற்குச் சுவர் இல்லை, விளிம்பு இல்லை, உள்ளறை இல்லை. மரங்கள் சிலவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டினால் அதுவே கலம். அதன்மேல் முழங்காலிட்டு இருப்பவனுக்கும் கடல்நீருக்கும் இடையே ஒரு சாண் உயரம் இருந்தால் பெரிது. அலை எழும்போது அந்த ஒரு சாணும் இல்லாமற் போகும். இத்தகைய கலத்தின்மேல் இருந்துகொண்டு, தம்மினும் நீளமும் பன்மடங்கு எடையும் உடைய சுறாவைத் தூண்டிலிட்டுப் பிடித்தனர் நம் கடற்கரை மக்கள். குமரிமுனைக்கு மேற்கே உள்ள தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊரினர் சுறாப் பிடிப்பதில் பெரிதும் பெயர் பெற்றவர். உயர்ந்த பக்கங்களையுடைய மரக்கலமே அஞ்சத்தக்க மீனை, மிதக்கும் மரங்களின்மேல் அமர்ந்து எவ்வாறு பிடித்தனர்?

இதனை அறிவதற்கு முதலில் கட்டுமரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். எடை குறைந்து நன்கு மிதக்கும் மரங்களையே இதற்குத் தேர்ந்தெடுப்பர். கரைக்கு மீண்டதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். நனைந்த மரம் நீரை உண்டு கனத்துவிடும் அன்றோ? மரங்களுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியே கடல்நீர் ஏறும். ஏறிய வழியே இறங்கும். ஆகவே நீர் நிறைந்து மூழ்குதல் என்பது கட்டுமரத்துக்கு இல்லை. பேரலை புரட்டினால் புரளும்; ஆயினும் மிதந்துகொண்டே இருக்கும். விழுந்தவர் நீந்தி வந்து, அதனை நிமிர்த்தி, மீண்டும் ஏறிக்கொள்வர். துறைமுகம் இல்லாத நீண்ட மணற்கரையில், கரையோர அலையை ஊடறுத்துச் செல்ல இதனினும் ஏற்ற கலம் அக்காலத்தில் இல்லை. டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கடற்கரையின் இக்கலத்தைத் தமிழ்ப் பெயராலேயே குறித்துள்ளார். அப்பெயர் இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. பெயர் நம்முடையது; பொருள் நம்முடையது அன்று.

வடமுனையை அடுத்த பனிக்கடல்களில் வாழும் இனூயிட் மக்களின் 'கயாக்' என்னும் சிறு படகும் இதைப் போலவே நீர்மட்டத்தோடு ஒட்டிச் செல்வது. எலும்பாலோ ஒதுங்கிய மரத்தாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி அதனைச் செய்வர். பெரும்பாலும் ஒருவரே அமர்ந்து செல்லும் அப்படகிலிருந்து எறியுளியை வீசுவோர், உளியோடு இணைத்த கயிற்றின் மறுமுனையைப் படகிலே கட்டுவதில்லை. காற்று நிரப்பிய தோற்பை ஒன்றிலே கட்டுவர். அடிபட்ட விலங்கு அந்தப் பையை இழுத்து இழுத்துக் களைத்துப் போகும். படகு இழுபடாமல் தப்பும். கட்டுமரத்தாரிடம் தோற்பை இல்லை. சுறா இழுத்துக் களைப்பதற்கு அவர்கள் விட்டது தம் கலத்தையே.

இனிச் சுறாவின் உடலமைப்பைக் காண்போம். சுறாவுக்கு எலும்பு இல்லை. அதன் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பால் ஆயது. ஏனைய மீன்கள் பலவற்றுக்கு உள்ள காற்றுப்பையும் இதற்கு இல்லை. அதற்கு ஈடாக எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் உண்டு. எண்ணெய் நீரினும் இலேசானது ஆதலின், உடல் ஆழ்ந்துவிடாமல் காப்பதில் ஈரலுக்குப் பங்கு உண்டு. பற்கள் வரிசை வரிசையாக அமைந்தவை. முன்வரிசைப் பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னே வந்து நிற்கும். இவையெல்லாம் நூல்களில் காணலாம். மீன்பிடிப்போர்க்கு இவற்றினும் இன்றியமையாத செய்தி தோலைப் பற்றியது. சுறாவின் தோலில் நுண்ணிய பற்களைப் போன்ற செதில்கள் பின்னோக்கிச் சாய்ந்து நெருங்கியுள்ளன. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுவழுப்பாகத் தோன்றும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் கையை அறுக்கும். மரவேலை செய்வோர் இத்தோலைக் கொண்டு மரத்தை இழைத்து மெருகிட்டதும் உண்டு. தூண்டிலில் சிக்கிய சுறா உருண்டு புரளும்போது கயிறு அதன் உடலைச் சுற்றிக்கொள்ளும். பல்லுக்குத் தப்பிய கயிறு தோலால் அறுபடும். ஆகையால் தூண்டில் முள்ளை அடுத்து நீண்ட கம்பியை இணைத்து, அதன்பின்பே கயிற்றைக் கட்டுவர். கம்பியின் நீளத்திலே சிக்கனம் பார்த்தவன் மீனையும் இழந்தான், முள்ளையும் இழந்தான்.

இன்னொன்று. சுறாக்களுள் பல இனங்கள் முன்னோக்கி நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களின் வழியே நீர் பாய்ந்து மூச்சு நடைபெறும். இழுபட்டும் தடைபட்டும் நிற்கும் சுறா ஓடும் சுறாவைவிட விரைவில் சோர்வது இதனாலேயே. இந்த உண்மையைச் செவுளின் அமைப்பை ஆராய்ந்து கடற்கரை மக்கள் கற்கவில்லை. கயிற்றைப் பிடித்த கையாலே கற்றார்கள்.

கலத்தின் முன்புறத்தை அணியம் என்றும், பின்புறத்தை அமரம் என்றும் கூறுவர். மூவர் செல்வராயின், அமரத்தில் இருப்பவன் துடுப்பால் கலத்தைத் திருப்புவான். அணியத்தில் இருப்பவன் தூண்டிற் கயிற்றைக் கையாள்வான். நடுவில் இருப்பவன் சுருளிலிருந்து கயிறு சிக்கலின்றிச் செல்லுமாறு பார்த்துக்கொள்வான். மூன்று வேலைகளுள் எளியது போலத் தோன்றும் இந்த நடுவேலையே மிகவும் விழிப்பை வேண்டுவது. சுறா இரையைக் கவ்வியதும் உடனே ஓடிவிடும் என்று எண்ணற்க. சிலபோது மெல்ல இழுக்கும், விடும், மீண்டும் இழுக்கும். அப்பொழுது அவசரப்பட்டு வெட்டி இழுத்தால் முள் வாயில் ஏறாமல் வெளியே வந்துவிடும். முள் ஏறியதை உணர்ந்த சுறா பாயத் தொடங்கினால் கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடும். சுருளுக்குள் ஒருவன் காலை வைத்திருந்தான் எனின், கண் இமைப்பதற்குள் கயிறு காலைச் சுற்றிக்கொண்டு அவனைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். சுறாவின் பல்லை அஞ்சுவது எல்லார்க்கும் இயல்பு. கயிற்றின் சுருளை அஞ்சக் கற்றவனே சுறா வேட்டைக்கு உரியவன்.

கயிறு எந்தப் பக்கம் செல்கிறது என்பது அடுத்த கவலை. கட்டுமரம் நீளம் மிக்கது, அகலம் குறைந்தது. அணியத்தின் நேரே சுறா இழுத்தால் கலம் அதன் பின்னே வண்டி போல ஓடும். பக்கவாட்டில் இழுத்தாலோ ஒருபுறம் அமிழ்ந்து புரளும். ஆகவே சுறா எப்பக்கம் திரும்பினும் அமரத்தில் இருப்பவன் அணியத்தை அப்பக்கமே திருப்புதல் வேண்டும். இன்று வெளிநாடுகளில் பொழுதுபோக்கிற்காகக் கயாக்கில் அமர்ந்து சுறாப் பிடிப்போரும் உளர். கயிறு முன்முனையின் நேரே செல்லும்படி படகைத் திருப்புதலே அவர்களுக்கும் காப்பு. தம் படகைச் சுறா இழுத்துக்கொண்டு ஓடும் அந்த ஓட்டத்தைப் பேரின்பமாக அவர்கள் பேசுவர். நம் கடற்கரையாரும் அவ்வின்பத்தை அறியாதவர் அல்லர். துடுப்புப் போடாமலே கலம் நுரை தள்ளி விரைகையில், அச்சமும் களிப்பும் வேறு வேறாகப் பிரித்தறிய இயலாதபடி கலந்து நிற்கும். ஆனால் அவர்கள் அந்த ஓட்டத்தில் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பர். எவ்வளவு தொலைவு இழுபடுகிறோமோ அவ்வளவு தொலைவும் மீண்டும் துடுப்பாலோ பாயாலோ கடக்க வேண்டிய தொலைவு என்பதை மறக்க அவர்களால் இயலாது. கச்சான் காற்று வலுத்துவிட்டால் அது சிறிய செய்தி அன்று.

சுறா களைத்துக் கலத்தின் அருகே வந்தபின் வேட்டை முடிந்தது என்று கருதுவது பெருந்தவறு. இடர் மிகுந்த நேரம் அதுவே. வால் உடலின் நீளத்தை ஒப்ப நீண்ட ஓர் இனம் உண்டு. அது வாலால் அடித்தே இரையைத் திகைக்கச் செய்வது. அவ்வால் மனிதன்மேல் பட்டால் என்ன ஆகும் என்று கூற வேண்டுவதில்லை. வேறு சில இனங்கள் நீரைவிட்டு மேலே துள்ளி எழும். காயம்பட்ட மீனின் குருதியை மோந்து பிற சுறாக்களும் வந்து சூழும். மூக்கிலே கட்டையால் அடித்து, வாலிலே சுருக்கிட்டு, அசைவு ஒடுங்கியபின்பே மேலே ஏற்றுவர். இங்கேதான் கட்டுமரத்தின் தாழ்வு அதன் உயர்வாகின்றது. உயர்ந்த விளிம்புடைய படகில் பெருமீனைத் தூக்கி ஏற்றல் வேண்டும். கட்டுமரத்திலோ ஒருபுறத்தை நீரில் அமிழ்த்தி, அலையோடு சேர்த்து உருட்டி ஏற்றிவிடலாம். ஏற்றியபின்பும் வாயருகே கை வைத்தல் ஆகாது. செத்ததாகத் தோன்றும் சுறாவின் தாடை மூடிக்கொள்வது உண்டு.

இவ்வளவு கருவிகளுக்கும் நடுவே கட்டுமரத்தில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டிய கருவி கத்தி. அது சுறாவை வெட்டுவதற்கு அன்று, கயிற்றை வெட்டுவதற்கு. மீன் மிகப் பெரிதாயிருந்தாலும், கலம் புரளும் நிலைக்கு வந்தாலும், காற்று மாறினாலும், கயிற்றை அறுத்துவிடுவதே வழி. கேட்பதற்கு இஃது எளிது. அறுத்துவிட்டால் மீன் மட்டுமா போகும்? முள்ளும், கம்பியும், நெடுங்கயிறும் உடன்போகும். அவை பெரும்பாலும் கடன் பெற்று வாங்கியவை. கடன் கொடுத்தவரோ கரையில் மீனை ஏலம் கூறுபவர். வெறுங்கையோடு மீண்டவன் அடுத்த முறை கடலுக்குச் செல்ல மீண்டும் அவரிடமே கயிற்றுக்குக் கடன் கேட்க வேண்டும். அறுத்தால் கடன், அறுக்காவிட்டால் ஒருவேளை உயிர். நடுக்கடலில், கை எரிய எரிய, நொடிப்பொழுதில் செய்யவேண்டிய கணக்கு இது. வீரம் என்றவுடன் எறியுளியை ஓங்கி நிற்கும் உருவத்தையே நாம் நினைக்கிறோம். கத்தியை எடுத்து நல்ல கயிற்றை அறுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் துடுப்பை எடுப்பவனை நினைப்பதில்லை.

இத்தனை இடருக்கும் ஈடான பயன் சுறாவில் இருந்தது. இறைச்சியை உப்பிட்டு உலர்த்தி உள்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புவர். பால்சுறா பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் என்று சமைத்துக் கொடுப்பர். ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைத் தோணிப் பலகைகளுக்குப் பூசுவர். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு மீனெண்ணெய் வருவது தடைப்படவே, உயிர்ச்சத்து 'ஏ' நிறைந்த சுறா ஈரலெண்ணெயைச் சென்னை மாகாணத்திலும் திருவிதாங்கூரிலும் மருந்துக்காக வடித்தனர். செட்டைகளுக்கோ கீழை நாடுகளில் மிக்க விலை இருந்தது.

அந்த விலையே பின்னர்ச் சுறாவின் குலத்துக்குக் கேடாயிற்று. சுறா மெல்ல வளர்வது. பல ஆண்டுகள் கழித்தே இனம் பெருக்கும் பருவம் எய்துவது. பல இனங்கள் சில குட்டிகளையே ஈனுவன. 2010 ஆம் ஆண்டில் மட்டும் உலகக் கடல்களில் ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் சுறாக்கள் கொல்லப்பட்டன என 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மறுபுறத்தில், சுறா வலிய வந்து மனிதரைக் கடித்த நிகழ்ச்சிகள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு நூற்றைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. நம் நாட்டில் 2001 ஆம் ஆண்டில் திமிங்கிலச் சுறாவும் வேறு சில இனங்களும் சட்டத்தால் காக்கப்பட்டன. செட்டையை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிதல் 2013 இல் தடுக்கப்பட்டது. செட்டை ஏற்றுமதி 2015 இல் தடுக்கப்பட்டது. இதற்குள் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலான துறைகளில் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துக்கொண்டன. தூத்தூர்ப் பகுதியார் விசைப்படகுகளில் அரபிக்கடலின் நெடுந்தொலைவு செல்லலாயினர். அங்கும் அவர்களுக்குப் பெரும்பகை சுறா அன்று, காற்றே. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவ்வூர்களைச் சேர்ந்த பலர் மீளவில்லை.

இத்தொழில் நம் கரைக்குப் புதியது அன்று. நெய்தல் நிலத்துப் பரதவர் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. நான் படித்த நாளில் 'கோடு' என்பதற்குக் கொம்பு என்று பொருள் எழுதிவிட்டு அப்பால் சென்றேன். பின்னர், இரு புறமும் பல் நிரைத்த வாளைப் போன்ற வேளா மீனின் கோட்டைக் கடற்கரையில் கண்டபோதுதான், அதனை ஏன் நட்டு வணங்கினர் என்பது விளங்கிற்று. வேளா சுறாவன்று, திருக்கை இனத்தைச் சேர்ந்தது என்பர் இக்கால அறிஞர். அதுவும் இன்று அருகிப்போய்ச் சட்டத்தின் காவலில் உள்ளது.

குறுந்தொகையில் கல்லாடனார் பாடிய நெய்தற் பாட்டு ஒன்று உண்டு. அதன் கருத்து சுறா வேட்டை அன்று. தலைவன் வருவதற்கு இது தக்க பொழுது என்று உணர்த்தும் பெண், தன் வீட்டில் யார் யார் இல்லை என்று சொல்கிறாள். சுறா தாக்கிய தந்தையின் புண் ஆறிவிட்டதாம். அவர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டாராம். இதனை அவள் வியந்தும் கூறவில்லை, வருந்தியும் கூறவில்லை. அதே மூச்சில் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறாள்: தாய் உப்பைக் கொடுத்து வெண்ணெல் மாற்றி வருவதற்காக உப்பளத்துக்குச் சென்றிருக்கிறாள்.